விஸ்வரூப வரிசையில் தூங்கிப் போனவள்

போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் நான் ஒன்பதாம் வகுப்பில் தூங்கிப் போனேன். பிள்ளைகளுக்குக் கணக்கு கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், வாயைப் பிளந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் கொண்டு வரக் கூடாது என்று விதி. யாரோ கொண்டு வந்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ பெற்றோர் குரூப்புகளில் சுற்றியது. நடுவில் ஒரு சினிமாப் பாட்டும் சேர்ந்துகொண்டது. ராத்திரி நம் சத்சங்க குரூப்புக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் யார் என்று எனக்குத் தெரியும். உடனே அழித்தும் விட்டார். அழித்துவிட்டால் பார்த்தவர்கள் பார்க்காதவர்கள் ஆகிவிடுவார்களா என்ன.

நம் சத்சங்கத்தின் பங்குனி மலருக்கு, பெருமாள் செவிசாய்த்த பிரார்த்தனை என்று ஆளுக்கொரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்றார் கோமளா மாமி. சத்சங்கத்தை நடத்துகிறவர் அவர்தான். "அடியேன்னு ஆரம்பிச்சு எழுதுடி" என்றும் சொன்னார். மன்னிக்கணும் மாமி, நான் 'நான்' என்றே எழுதுகிறேன். பணிவு வரும்போது மாற்றிக்கொள்கிறேன். நான் எழுதப் போவதில் கசப்பு நிறைய இருக்கிறது. அதை வடிகட்டிவிட்டு எழுதினால் மிச்சம் இருப்பது பொய்யாகிவிடும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் பெயர் வைதேகி. ஸ்ரீரங்கத்தில் கீழ உத்தர வீதியில் வீடு. தென்னூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்குக் குழந்தை இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு வருஷக்கணக்காக என்னிடம்தான் இருந்தது. பப்ளிக் எக்ஸாம் ரிசல்ட் வரும் காலையில் பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்லும் முன்னால் எனக்குப் போன் பண்ணுவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் நான் மற்ற நாட்களை எல்லாம் ஓட்டினேன். அந்த வகுப்பு எனக்கு என்னவாக இருந்தது என்று இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

வீடியோ வந்த மறுநாள் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க மேடம். பேரன்ட்ஸ் கேக்கறாங்க. நைன்த், டென்த் ரெண்டையும் இப்போதைக்கு வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடலாம். நீங்க சிக்ஸ்த் பாருங்க. உடம்பையும் பாத்துக்கங்க."

"எவ்வளவு நாளைக்கு?"

"பொங்கல் வரைக்கும் பாப்போம். ஆனா இன்னொரு தடவை இந்த மாதிரி ஆச்சுன்னா, மேனேஜ்மென்ட்டுக்கு என்னால பதில் சொல்ல முடியாது. வேலையே போயிடும் மேடம்."

என் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழ்த் தளத்துக்குப் போனேன்.

தூக்கம் எனக்குப் புதிதாக வந்ததில்லை. பல வருஷமாகவே பகலில் தூங்கி வழிவேன். காலையில் பஸ் ஏறி உட்கார்ந்தால் காவிரிப் பாலம் வருவதற்குள் கண் செருகிவிடும். இறங்கும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டி எழுப்புவார்கள். எழுந்திருக்கும்போதே தலைவலி. நேற்று யாரிடம் என்ன சொன்னேன் என்பது மறந்து போகும். ராத்திரியில் குறட்டை. அதனால் என் கணவர் சௌரி ஹாலுக்குப் போய்ப் படுப்பார், இரண்டு நாள் கழித்துத் திரும்பி வருவார். விருந்தாளிகள் வந்தால் இதைச் சொல்லித்தான் சிரிப்பு மூட்டுவார். "காவேரியில தண்ணி வந்தா எங்காத்துக்குத் தெரியாது. அவ்ளோ சத்தம்" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே காபி கொடுப்பேன். ஒரு பொம்பளை குறட்டை விடுகிறாள் என்றால் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்கள்.

டாக்டரிடமும் போனேன். பிரஷர் இருக்கிறது என்று மாத்திரை தந்தார். இன்னொருவர் வயசு அப்படி, மாதவிலக்கு நிற்கிற சமயம் என்றார். மூன்றாமவர் டென்ஷன் என்று சொல்லித் தூக்க மாத்திரையே எழுதிக் கொடுத்தார். என் குறட்டையைப் பற்றி மூவரும் கேட்கவில்லை. வெட்கத்தில் நானும் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பு போன பிறகு நான் சாப்பிடுவது குறைந்தது. ஆறாம் வகுப்பில் உட்காரவே மாட்டேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்ற பயம். மணி அடிக்கும் வரை நின்றுகொண்டே இருப்பேன். கால் வீங்கிப் போகும். இந்த வேலையும் போய்விட்டால் காலையில் எழுந்து எதற்காகப் புடவை கட்டுவது என்று ஒரு நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது நினைத்தேன். அந்த நினைப்பு அதோடு நிற்கவில்லை. மாடிக் கைப்பிடிச் சுவர் பக்கம் போகாமல் துணியை அரைகுறையாக விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

புரட்டாசியில் சத்சங்கத்தில் கோமளா மாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத பாரு வைதேகி. பகல் தூக்கம்ங்கறது தமோ குணம். உடம்பு வியாதி இல்லை, உள்ளே இருக்கற சோம்பல். விடியக்காலம் எழுந்து குளிச்சு விஸ்வரூபம் சேவி. ஒரு மண்டலம், ஒரு நாள் விடாம. பெருமாள் கண் முழிக்கற நேரத்துல நீயும் அங்க நில்லு. தூக்கம் தானா ஓடிடும்."

மாமி நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதை மறுக்கவில்லை. அங்கே இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் வேறு என்ன தோன்றும். வேறு ஊராக இருந்தால் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருப்பார்கள். நம் ஊரில் தூங்குகிறவளைப் பெருமாள் எழுந்திருப்பதைப் பார்க்க அனுப்பினோம்.

நாலு மணிக்கு எழுந்தேன். அந்த நேரத்துக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, ஆர்யபடாள் வாசல் பக்கம் வரிசையில் நிற்பேன். கதவு திறக்கும். பசு வந்திருக்கும், யானை வந்திருக்கும். உள்ளே பெரிய பெருமாள் ஆதிசேஷன் மேல் சயனித்திருப்பார். நாளின் முதல் தரிசனமான அந்த விஸ்வரூபம் ஒரு நிமிஷ சேவை. பிறகு ஓடி வந்து சமையல், பஸ், பள்ளிக்கூடம்.

பார்க்கிறவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். வைதேகி எப்படி மாறிவிட்டாள் பார் என்றார்கள். எனக்கோ தலைவலி இரட்டிப்பாகியது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றபடியே கண்ணயர்வேன், பால் பொங்கி வழியும். ஒரு நாள் ஆறாம் வகுப்புப் போர்டில் ஒரு சாதாரணப் பெருக்கலைத் தப்பாகப் போட்டேன். முன் பெஞ்சுக் குழந்தை எழுந்து, "மிஸ், அது தப்பு மிஸ்" என்றது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டறியாத வார்த்தை. ஸ்டாஃப் ரூமுக்கு வந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

அப்போது நான் செய்த பிரார்த்தனை எப்படி இருந்தது என்று உள்ளது உள்ளபடி சொல்கிறேன். மலரில் போட மாட்டோம் என்றால் இந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். சன்னிதியில் நின்று நான் பெருமாளிடம் சண்டை போட்டேன். "நீ நன்றாகப் படுத்திருக்கிறாய். உன்னைத் தூங்க வைக்க வீணை உண்டு. எழுப்ப பசு உண்டு, யானை உண்டு. நீ எத்தனை யுகம் படுத்திருந்தாலும் ஊரே கும்பிடும். யாரும் உன்னைப் படம் பிடித்துப் பாட்டுப் போட்டு அனுப்ப மாட்டார்கள். நான் ஒரு மத்தியானம் கண்ணை மூடினேன், என் பிள்ளைகளை எல்லாம் பிடுங்கிக்கொண்டாய். இந்தத் தூக்கத்தை எடுத்துக்கொள். இல்லை என்றால் என்னை எடுத்துக்கொள்." தினமும் இதுதான். நாமம் சொல்லவில்லை, சுலோகம் சொல்லவில்லை. பொறாமைதான் பட்டேன். தூங்குகிற தெய்வத்தைப் பார்த்துத் தூங்கக் கூடாதவள் வேறு என்ன படுவாள்.

ஐப்பசி பிறந்தது. மண்டலம் முடியச் சில நாட்களே பாக்கி. அன்று நல்ல மழை, கூட்டமும் அதிகம். வரிசை நகரவில்லை. கால் வீக்கம் தாங்காமல் ஒரு தூணில் சாய்ந்து கல் தரையில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நினைவு.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மெதுவாக இல்லை, பல் ஆடுகிற மாதிரி உலுக்கல்.

கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பெரிய உடம்புக்காரப் பெண்மணி. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெளியூர். குரலும் உடம்புக்கு ஏற்ற மாதிரி.

"ஏம்மா, எழுந்திரு. நீ தூங்கலை. நீ மூச்சே விடலை."

"என்ன சொல்றேள்?"

"நான் பின்னாடி நின்னு பாத்துண்டே இருக்கேன். குறட்டை விடறே, டக்குனு நிக்கறது. மார்பு அசையலை. அப்புறம் திணறிண்டு ஒரு இழுப்பு இழுக்கறே. மறுபடியும் அதே. எனக்கும் இதே வியாதிதான். மெஷின் மாட்டிண்டுதான் தூங்கறேன். டாக்டர்கிட்ட காமிச்சியா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பள்ளிக்கூடத்தில் மானம் போனது போதாதென்று பெருமாள் வாசலிலுமா. "உங்க வேலையைப் பாத்துண்டு போங்கோ. நான் மண்டலம் இருக்கேன்" என்றேன்.

"எதுக்கு மண்டலம்?"

"தூக்கம் போகறதுக்கு."

"போதாத தூக்கத்தைப் போக்கறதுக்கு, இருக்கற தூக்கத்தையும் விட்டுட்டு வந்து நிக்கறியா. நன்னா இருக்கு போ" என்றார்.

நான் பதிலுக்குப் பேச, அவர் பேச, வாக்குவாதம் முற்றிவிட்டது. இதற்குள் வரிசை நகர்ந்து, எங்களைத் தாண்டி ஆட்கள் போய்விட்டார்கள். என் இடம் போயிற்று. திரும்ப நுழையப் பார்த்தேன், பின்னாடி வாங்க என்று சொல்லிவிட்டார்கள். நான் கடைசியில் போய் நின்று உள்ளே போவதற்குள் விஸ்வரூப சேவை முடிந்துவிட்டது. மண்டலம் முறிந்தது. அந்தப் பெண்மணி கூட்டத்தில் எங்கே போனாரோ தெரியவில்லை.

மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். பெருமாள் என் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்திவிட்டார் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். சௌரி என்ன என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்னதைக் கோபத்தோடு சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "நாளைக்கு டாக்டர்கிட்ட போகலாம்" என்றார்.

நுரையீரல் டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னிடம் நிறையக் கேட்டார். பிறகு சௌரியைப் பார்த்தார்.

"சார், தூக்கத்துல இவங்க மூச்சு நிக்கறதை நீங்க கவனிச்சிருக்கீங்களா?"

சௌரி யோசித்தார். "மூச்சைப் பத்தித் தெரியாது டாக்டர். சத்தம் நிக்கும். திடீர்னு நின்னுடும். அப்பாடான்னு இருக்கும். அந்த நேரத்துலதான் நான் தூங்கிப் போவேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அந்த நேரத்துலதான் சார் அவங்களுக்கு மூச்சு இல்லை."

சௌரி என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "காபி சாப்பிடறியா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கல்யாணம் ஆன நாளாக, நான் மூச்சு விடாத நேரமாகப் பார்த்துத்தான் இவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். அவர் மேல் குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டெஸ்ட்டுக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னார்கள். தலைமுடிக்குள் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். மார்பில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப். ஒயர்களோடு தூங்க முடியுமா என்று கேட்டேன். நான் எங்கேயும் தூங்குவேன் என்பது மறந்து போயிற்று.

முடிவு வந்தது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற நோய், அதிலும் கடுமையான நிலை என்றார் டாக்டர். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நிற்கிறது என்று ஒரு எண் சொன்னார். கணக்கு டீச்சர்தான், ஆனாலும் அந்த எண்ணை இங்கே எழுத மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் மூளை என்னை உலுக்கி எழுப்பி மூச்சு விட வைத்திருக்கிறது. எழுந்தது எனக்கே தெரியாது. ராத்திரி முழுக்க நான் தூங்கவே இல்லை, அதனால்தான் பகலில் விழுந்தேன்.

"இப்படியே விட்டிருந்தா?" என்று கேட்டேன்.

"இதயம் தாங்காது. பக்கவாதம் வரலாம். இனிமே விடாதீங்க. நல்லவேளை இப்பவாவது வந்தீங்க" என்றார்.

நான் சோம்பேறி இல்லை. எனக்கு முதலில் தோன்றியது இதுதான். பயம் அப்புறம்தான் வந்தது. இத்தனை வருஷம் எல்லாரும் சொன்னதை நானும் நம்பி, என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு வந்தது ஆத்திரம்.

கார்த்திகையில் மெஷின் வந்தது. சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். ராத்திரி முழுக்கக் காற்றை உள்ளே தள்ளித் தொண்டையை அடைக்காமல் வைத்திருக்கும். ஆயுசு பூரா போட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்டபோது பெருமாளுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று நினைத்தேன். தூக்கத்தை எடுத்துக்கொள் என்று கேட்டவளுக்குத் தூங்குவதற்கு ஒரு இயந்திரத்தைத் தலையில் கட்டினார்.

முதல் வாரம் நரகம். ஓடுகிற பஸ் ஜன்னலில் முகத்தை நீட்டினால் மூச்சு முட்டுமே, அப்படி இருந்தது. பிடுங்கி எறிந்தேன். மாட்டினேன், மறுபடி எறிந்தேன். வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. காற்று பக்கவாட்டில் கசிந்து கண்ணில் அடித்தது. என் இரண்டு மூக்குத்தியும் மாஸ்க்குக்கு அடியில் அழுந்தி மூக்கு புண்ணாகிவிட்டது. மெஷின் கடையில் இருந்த பெண், "மேடம், மூக்குத்தியைக் கழட்டிட்டுப் போடுங்க. அது இருந்தா மாஸ்க் உக்காராது" என்றாள்.

கல்யாணத்தன்று போட்டது. அன்றிலிருந்து கழற்றியதில்லை. கண்ணாடி முன் நின்று கழற்றினேன். அடுத்த சத்சங்கத்தில் கோமளா மாமி பார்த்துவிட்டார்.

"என்னடி இது, சுமங்கலி மூக்கு மூளியா இருக்கே?"

"மூச்சு இருந்தாத்தானே மாமி சுமங்கலி" என்றேன். அன்று பிரசாதம் வாங்காமல் கிளம்பி வந்துவிட்டேன். தப்புதான். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது மாமி.

ராத்திரி முடியவில்லை என்றால் பகலில் பழகுங்கள் என்றார் டாக்டர். அதனால் சாயங்காலம் ஹாலில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆறாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்துவேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அய்யா, உள்ள யாரோ ஆஸ்பத்திரி கேஸா?" என்று சௌரியிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதம் கழித்து வந்த சிரிப்பு.

ஆனால் ராத்திரியில் பலிக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் சன்னிதிக்குப் போய் நின்றேன். சண்டை போடத் தெம்பில்லை. "என்னால் முடியவில்லை. உன்னாலும் முடியாது என்றால் சொல்லிவிடு, நான் வேலையை விட்டுவிடுகிறேன்" என்று மட்டும் சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. துளசி கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்கழி பிறந்தது. மார்கழியில் நம் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம், எல்லா வீதியிலும் ஒலிபெருக்கி. ஸ்ரீரங்கமே இருட்டில் எழுந்து குளிக்கிற மாதம். அந்த மாதத்தில் ஒரு நாள் நான் கண் விழித்தபோது ஜன்னல் வழியாக வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. மணி ஏழரை. மாஸ்க் முகத்திலேயே இருந்தது. தலைவலி இல்லை. தலையில் எப்போதும் இருக்கும் அந்தப் பாரம் இல்லை. இது என் தலைதானா என்று தொட்டுப் பார்த்தேன்.

பக்கத்தில் நாற்காலி போட்டு சௌரி உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏன்னா, என்ன ஆச்சு?"

"சத்தமே இல்லை" என்றார். "ராத்திரி முழுக்க. எனக்குப் பயமாப் போச்சு. மூக்குகிட்ட கையை வெச்சுப் பாத்தேன். காத்து வந்தது. அது மெஷின் விடற காத்தா, நீ விடற காத்தான்னு தெரியலை. அதான் வயிறு ஏறி இறங்கறதைப் பாத்துண்டு உக்காந்துட்டேன்."

சத்தம் நின்றால் நிம்மதியாகத் தூங்கியவர், சத்தம் இல்லை என்று ராத்திரி முழுக்கக் கண் விழித்திருக்கிறார். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அழுதேன். அவரும் அழுதார். போகட்டும் விடுங்கோ என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பயப்படட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று அவர் போட்டுக் கொடுத்த காபிக்கு ருசி இருந்தது.

அன்றுதான் ஐப்பசி மழை எனக்குப் புரிந்தது. நான் விஸ்வரூபத்துக்குப் போகாமல் வீட்டில் கிடந்திருந்தால் அந்த அம்மாள் கண்ணில் பட்டிருக்க மாட்டேன். வரிசை நகர்ந்திருந்தால் உட்கார்ந்திருக்க மாட்டேன். உட்காராவிட்டால் தூங்கியிருக்க மாட்டேன். தூங்காதிருக்கத்தான் வேண்டிக்கொண்டேன். பெருமாள் தன் வாசலிலேயே என்னைத் தூங்க வைத்து, பின்னால் சரியான ஆளை நிறுத்தியிருந்தார். நான் அந்த அம்மாளோடு சண்டை போட்டேன், பெயர் கூடக் கேட்கவில்லை. இதைப் படிக்கிற யாருக்காவது அவரைத் தெரியும் என்றால் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். கதவைச் சாத்தியதற்காகப் பெருமாளை எத்தனை திட்டினேனோ, அத்தனையும் நானே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க ஆசைதான். ஆகவில்லை. பொங்கல் கழித்துப் பிரின்சிபால் மேடத்தைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். "சந்தோஷம் மேடம். வேலைக்கு இனிமே பயமில்லை. ஆனா பப்ளிக் எக்ஸாம் நெருங்கிடுச்சு, இப்ப டென்த்தை மாத்த முடியாது. நைன்த்தை வேணா எடுத்துக்கங்க" என்றார். இந்த வருஷம் ரிசல்ட் அன்று எனக்குப் போன் வராது. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

ஒன்பதாம் வகுப்பு என்றால் அதே ஒன்பதாம் வகுப்பு. முதல் நாள் போர்டில் எழுதத் திரும்பினேன். பின் பெஞ்சிலிருந்து குறட்டைச் சத்தம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. திரும்பினேன்.

"யாருன்னு கேக்க மாட்டேன். நல்லாத்தான் பண்றீங்க. ஆனா தப்பு. நடுவுல நிறுத்தணும்" என்றேன். "என்னுது நடுவுல நிக்கும். நிக்கும்போது எனக்கு மூச்சு இருக்காது. அதைத்தான் நீங்க படம் எடுத்தீங்க."

பிறகு போர்டில் ஒரு தொண்டை வரைந்து, அது எப்படி அடைக்கிறது என்று காட்டினேன். கணக்கு அன்று நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் ஒரு பெண் மட்டும் நின்றாள். பையைக் கையில் திருகிக்கொண்டே, "மிஸ், எங்கப்பா அப்படித்தான் நிறுத்துவாங்க" என்றாள்.

"அப்பா என்ன பண்றாங்க?"

"துவாக்குடி பக்கம் காலேஜ் பஸ் ஓட்டறாங்க மிஸ்."

அன்று சாயங்காலமே அவளுடைய அம்மாவிடம் பேசினேன். அவள் அப்பா இப்போது டெஸ்ட் எல்லாம் முடிந்து மெஷின் போட்டுத் தூங்குகிறார். அந்தப் பஸ்ஸில் தினமும் எத்தனை பிள்ளைகள் ஏறுகிறார்கள் என்று கேட்டேன். இந்த எண்ணையும் இங்கே எழுதவில்லை. ஆனால் இதை மட்டும் சந்தோஷமாகப் பெருக்கிப் பார்த்தேன்.

விஸ்வரூபத்துக்கு இப்போது நான் போவதில்லை. பெருமாள் எழுந்திருக்கும் நேரத்தில் நான் தூங்குகிறேன். சாயங்காலம்தான் போகிறேன். பெரிய பெருமாள் கால் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தால் பொறாமை வருவதில்லை. நன்றாகத் தூங்கு, நானும் தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். இதைவிடப் பெரிய ஸ்தோத்திரம் எனக்குத் தெரியாது.

உங்களையும் அவரை நம்பச் சொல்கிறேன். சண்டை போட்டாவது நம்புங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் அவர் யார் வாயால் பதில் சொல்வார் என்று நீங்கள் முடிவு பண்ணாதீர்கள்.

கடைசியாகக் கோமளா மாமிக்கு ஒன்று. உங்காத்து மாமா ராத்திரி குறட்டை விடுவதைப் பற்றி நீங்கள் அடிக்கடி சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன். இன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, கொஞ்ச நேரம் தூங்காமல் கேளுங்கள் மாமி. சத்தம் நின்றால் அப்பாடா என்று திரும்பிப் படுத்துவிடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து, அவர் வயிறு அசைகிறதா என்று பாருங்கள்.